துயரமும் ஒரு தியானம்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சித்தன்னவாசல். வழியெல்லாம் செம்மண், சரளை, தைலமரக் காடு. காடு விட்ட இடத்தில் ஒரு கண்மாய், அதன் கரையில் மண்குதிரைகள் சூழ ஓர் அய்யனார். இந்த வறண்ட சமவெளியில் அங்கங்கே எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகள்தான் மாவட்டத்தின் முகம். நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் என்று எந்தக் குன்றை எடுத்தாலும் யாரோ அதைக் குடைந்திருக்கிறார்கள், யாரோ அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். சித்தன்னவாசலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஓவியம் பார்க்க வருவார்கள். நான் இந்தமுறை வந்தது கற்படுக்கைகளுக்காக.

கூட வந்தவர் கீரமங்கலம் பக்கத்துத் தம்பி. அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். நெடுநாள் பழக்கம், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது அவர்கள் குடும்பத்துத் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்துவிட்டது. தாத்தா வைத்த மரங்கள். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் அன்றைக்குத் தோப்பை இழக்காத வீடு குறைவு. தென்னை, பலா, வாழை எல்லாம் போயின. பட்டா அண்ணன் பெயரில் இருந்ததால் நிவாரணத் தொகை அண்ணன் கணக்கில் ஏறியது. பங்கு கேட்கப் போன தம்பியிடம் அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். “தோப்புக்கு நீ என்னிக்குடா தண்ணி பாய்ச்சின?” அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது.

பணம் போனது ஆறிவிட்டது என்கிறார் தம்பி. அந்தக் கேள்வி ஆறவில்லை. தூக்கம் கெட்டது, ரத்த அழுத்தம் ஏறியது. மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவர், கூடவே தியானமும் செய்து பாருங்கள் என்றிருக்கிறார். செல்போனில் ஒரு செயலியை இறக்கி, காலையில் அது சொல்கிறபடி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

“கண்ணை மூடினா அண்ணன் மூஞ்சிதாண்ணே வந்து நிக்குது. தெறந்திருந்தாலாவது வேற எதையாச்சும் பார்க்கலாம்.”

இதைக் கேட்ட பிறகுதான் அவரைச் சித்தன்னவாசலுக்கு வரச் சொன்னேன். கோபம், துக்கம், பொறாமை, பயம் இவற்றை உட்கார்ந்தே கையாள முடியுமா என்ற கேள்வியை இந்த நாட்டில் மிகப் பழைய காலத்திலேயே உயிரைப் பணயம் வைத்துக் கேட்டுப் பார்த்த சமணத் துறவிகள் அந்த மலையில் இருந்திருக்கிறார்கள்.

குன்று ஒன்றும் பெரிய உயரமில்லை, 70 மீட்டர் இருக்கும். ஆனால் வழுக்குப் பாறை. காலை எட்டு மணிக்கே கல் சுடத் தொடங்கிவிட்டது. படிகள் ஏறி, மறுபக்கம் திரும்பி, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறை விளிம்போடு நடக்க வேண்டும். ஒரு பக்கம் பாறைச் சுவர், இன்னொரு பக்கம் செங்குத்துச் சரிவு, கீழே வயல்களும் பனைகளும். குகைக்கு ஏறிப்போகப் பாறையில் ஏழு குழிகள் வெட்டியிருந்ததால் ஏழடிப்பட்டம் என்று பெயர். கம்பி இல்லாத காலத்தில் அந்தக் குழிகளில் கால் வைத்துத்தான் ஏறியிருப்பார்கள். கால் தவறினால் அவ்வளவுதான்.

குகை என்றால் இருண்ட பொந்து இல்லை. முன்னே துருத்திக்கொண்டிருக்கும் பெரும்பாறையின் அடியில் தாழ்வான, நீளமான ஓர் இடம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. தரையில் வரிசையாக 17 படுக்கைகள். பாறையையே செதுக்கி வழவழவென்று இழைத்திருக்கிறார்கள். தலைமாட்டில் கல்லாலேயே ஒரு மேடு, அதுதான் தலையணை. தொல்லியல் துறை கம்பி போட்டிருப்பதால் எட்ட நின்றுதான் பார்க்கலாம். ஆனாலும் ஒன்று நன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு படுக்கையும் ஒரு மனித உடம்பின் அகலம்தான். புரண்டு படுக்க இடமில்லை. சில படுக்கைகளின் மேற்பரப்பு இன்னும் பளபளக்கிறது.

இருப்பதில் பெரிய படுக்கையில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு. காலம் கி.மு. முதல் நூற்றாண்டு அல்லது அதற்கும் முன் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எருமி நாட்டில் பிறந்த ஒருவருக்காகச் சிறுபோசில் ஊரைச் சேர்ந்த இளையர் அமைத்துக்கொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. எருமி நாட்டை இன்றைய மைசூர்ப் பகுதியாகக் கொள்வோர் உண்டு. அப்படியானால் அத்தனை தூரம் நடந்து வந்து இந்தப் பாறையின் அடியில் ஒருவர் தங்கியிருக்கிறார். அவருக்காக இந்த ஊர்க்காரர்கள் கல்லை இழைத்திருக்கிறார்கள். பக்கத்துப் படுக்கைகளில் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த துறவிகளின் பெயர்களும் தமிழில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இந்த இடத்துக்கு ஆள் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

கம்பிக்கு வெளியே நிழல் விழுந்த ஓரத்தில் உட்கார்ந்தோம். காற்று விட்டுவிட்டு வந்தது. தம்பிக்கு நான் சொல்ல நினைத்திருந்த விஷயத்தை அங்கே வைத்துத்தான் சொன்னேன்.

சமணர்களின் இரு பிரிவினரும் ஏற்கும் தத்துவார்த்த சூத்திரம் தியானத்தை நான்காக வகுக்கிறது. ஆர்த்தம், ரௌத்திரம், தருமம், சுக்கிலம். கடைசி இரண்டும்தான் துறவி நாட வேண்டியவை. முதல் இரண்டைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். பிடிக்காதது வந்து ஒட்டிக்கொண்டதே என்று நினைத்துக்கொண்டிருப்பது, பிடித்தது கைவிட்டுப் போனதே என்று நினைத்துக்கொண்டிருப்பது, வலியை நினைத்துக்கொண்டிருப்பது, இனி கிடைக்க வேண்டியதை எண்ணி ஏங்குவது, இந்த நான்கும் ஆர்த்த தியானம். அடிப்பதையும் பொய்யையும் திருட்டையும் சேர்த்த பொருளைக் காப்பதையும் பற்றியே மனம் சுற்றிக்கொண்டிருந்தால் அது ரௌத்திர தியானம். எண்ணம் ஒரே முனையில் நிலைத்தால் அது தியானம். எந்த முனை என்பதைப் பொறுத்து அது ஆளை ஏற்றும், அல்லது இறக்கும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அப்ப நான் வருஷக்கணக்கா தியானத்துலதாண்ணே இருக்கேன்.”

ஆமாம். அதுவும் அசையாத தியானம். வகுப்பில் பாடம் நடத்தும்போதும் பைக் ஓட்டும்போதும் ராத்திரி புரளும்போதும் கலையாத தியானம். எதிர்மறை உணர்வுகளைப் பற்றி நான் படித்தவற்றில் இந்த வகுப்பைப் போல என்னைத் தொட்டது வேறில்லை. மனதை ஒருமுகப்படுத்தத் தெரியாததால்தான் நாம் கஷ்டப்படுகிறோம் என்று மேடையில் சொல்கிறார்கள். நமக்கு ஒருமுகப்படுத்த நன்றாகவே தெரியும். வஞ்சம் வைத்தவனைவிட ஒருமுகப்பட்டவன் யார்?

இருபதாம் நூற்றாண்டின் உளவியல் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தது. சூசன் நோலன்-ஹோக்செமா என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதர்கள் தங்கள் துயரத்தைத் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கத்தை ஆராய்ந்தவர். 1989 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ பகுதியைப் பெரும் பூகம்பம் தாக்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், வேறொரு காரியத்துக்காக, ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களிடம் மனநிலை பற்றிய கேள்வித்தாள் ஒன்று நிரப்பி வாங்கப்பட்டிருந்தது. பூகம்பத்துக்குப் பின் அதே மாணவர்களை மறுபடி பார்த்தார்கள். முன்பே அசைபோடும் சுபாவம் உள்ளவர்களாக இருந்தவர்கள்தான் பின்னால் அதிகமாக மனம் சோர்ந்திருந்தார்கள். பூகம்பம் எல்லாருக்கும் வந்தது. அதற்குப் பிறகு மனம் எங்கே போய் உட்கார்ந்தது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். கஜாவுக்குப் பிறகு கீரமங்கலத்தில் அந்தத் தாளை யாரும் நீட்டவில்லை. நீட்டியிருந்தால் தம்பியின் தாள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்படியானால் இந்தப் படுக்கைகளில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? சும்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. சமண மரபில் சாமாயிகம் என்று ஒன்று உண்டு. இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், விருப்பு வெறுப்பில்லாமல் சமநிலையில் இருப்பதாக உறுதி எடுத்து உட்கார்வது. அதை இல்லறத்தாரும் செய்யலாம். காயோத்சர்க்கம் என்பது உடம்பையே விட்டுவிட்டதுபோல் அசையாமல் நிற்பது. பிரதிக்கிரமணம் என்பது, செய்த தவறுகளை நினைவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டு, அதிலிருந்து திரும்பி வருவது. கோபம், செருக்கு, வஞ்சகம், பேராசை இந்த நான்கையும் கஷாயங்கள் என்பார்கள். அவை உயிரின் மேல் வினையை ஒட்டவைக்கும் பசை. பசையை ஒரே நாளில் கழுவ முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் நாள், பொழுது, வருஷம் என்று கணக்கு வைத்துக் கழுவினார்கள். நாலடியாரில் சினமின்மைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் அந்த நூலில் பெருமுத்தரையர் பெயரும் வருகிறது. முத்தரையர்கள் ஆண்ட நிலம்தான் இந்த வட்டாரம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் குகைகளில் உண்ணாநோன்பிருந்து உயிரை விட்டவர்களும் உண்டு, சல்லேகனை என்பது அதன் பெயர். அவர்களுடைய குறிக்கோள் மன அழுத்தம் குறைவது இல்லை. பிறவியையே அறுப்பது. நமக்கு அவ்வளவு வேண்டாம். ராத்திரி தூங்கினால் போதும். அவர்களிடமிருந்து நாம் ஒரு துண்டை மட்டும் கிள்ளி எடுத்துக்கொள்கிறோம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது மரியாதை.

அந்தத் துண்டு வேலை செய்கிறதா? ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்த, யோக மரபுகளிலிருந்து எடுத்த கவனப் பயிற்சியை மதச் சாயல் இல்லாமல் கற்பித்தார்கள். அங்கிருந்து கிளம்பியதுதான் இன்று செயலிகள் வரை வந்திருக்கிறது. 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், முறையாக நடத்தப்பட்ட 47 சோதனைகளை, 3,515 பேர் பங்கேற்றவற்றை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பதற்றமும் மனச்சோர்வும் வலியும் ஓரளவு குறைகின்றன என்பதற்கு மிதமான ஆதாரம் இருந்தது. மருந்து, உடற்பயிற்சி, மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட தியானம் மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பதற்ற நோயுள்ள 276 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எட்டு வாரக் கவனப் பயிற்சியும் மறுபாதிக்கு எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022 கடைசியில் வெளிவந்தது. பயிற்சியின் பலன் மாத்திரைக்குக் குறையவில்லை.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2000ஆம் ஆண்டில் வந்த ஜான் டீஸ்டேல் குழுவின் ஆய்வு. மனச்சோர்வு நோய் வந்து குணமானவர்கள்தான் அதில் பங்கேற்றார்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ அந்த நோய் வந்து போனவர்களில், வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களில் 66 சதவீதம் பேரிடம் நோய் திரும்பியது. கவனப் பயிற்சியும் பெற்றவர்களிடம் 37 சதவீதம். சோகமே வராமல் அந்தப் பயிற்சி தடுக்கவில்லை. சின்ன சோகம் ஒன்று வரும்போது, பழைய அசைபோடலுக்குள் வழுக்கி விழாமல் அதைத் தெரிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தது. இதோ இந்தக் கோபம் வந்திருக்கிறது, மார்பில் இப்படி இறுக்குகிறது, கொஞ்ச நேரத்தில் தளர்கிறது என்று பார்ப்பது. ஆர்த்த தியானத்துக்கும் மற்ற தியானத்துக்கும் இடையில் இருக்கிற விளிம்பு அதுதான் என்று எனக்குப் படுகிறது.

எல்லாருக்கும் பொருந்துமா என்றால், பொருந்தாது. தம்பி ஆசிரியர் என்பதால் இதை அழுத்திச் சொன்னேன். இங்கிலாந்தில் 84 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வகுப்பறையிலேயே இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது. வழக்கமான பள்ளி நடைமுறையைவிட அது மேலாக இல்லை. கேட்காதவனுக்கு ஊட்டிய தியானம் செரிப்பதில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, சிலருக்கு நீண்ட நேர மௌனமும் தனிமையும் பதற்றத்தைக் கூட்டிவிடும். பழைய கொடுமைகளின் நினைவைச் சுமப்பவர்கள் கண்ணை மூடினால் அந்தக் கொடுமைதான் எதிரே வரும். அவர்களை “விடாம உக்காருங்க, சரியாயிடும்” என்று வற்புறுத்துவது கருணையில்லாத செயல். சாப்பாடும் தூக்கமும் அற்றுப்போய், சாவைப் பற்றிய எண்ணம் வருகிறவருக்குத் தேவை மருத்துவர். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தியானம் கூடிவந்துவிட்டது என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

வெயில் குகை வாசலுக்கு வந்துவிட்டது. இறங்கினோம்.

மேற்குச் சரிவில் இருக்கிறது அறிவர் கோயில். அதுவும் பாறையைக் குடைந்ததுதான். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இதைப் புதுப்பித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. கூரையில் அந்தப் புகழ்பெற்ற தாமரைக் குளம். தீர்த்தங்கரரின் உபதேச மண்டபமான சமவசரணத்துக்குப் போகிறவர்கள் வழியில் காணும் குளம் அது என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். நிறம் நிறைய உதிர்ந்துவிட்டது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால்தான் ஒவ்வொன்றாகத் தெளிகிறது. முதலில் இலைகளின் பச்சை மட்டும். பிறகு இலைகளுக்கிடையே ஒரு மீன். பிறகு யானைகள், எருமைகள், பறவைகள். பிறகு பூப்பறிக்கும் ஆள், தோளில் தண்டோடு சாய்ந்த தாமரை. அவர் முகத்தில் அவசரமே இல்லை. தம்பி அண்ணாந்தபடியே ஒவ்வொன்றையும் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். “அந்த மூலையில வாத்துண்ணே. பக்கத்துல மொட்டு.” எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. அவ்வளவு நேரமும் அவருக்கு அண்ணன் ஞாபகம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். கவனம் என்று வகுப்பெடுப்பதெல்லாம் இதைத்தான். வேறு பெயர் வைத்துக்கொள்கிறோம்.

கருவறை சின்னது. மூன்று சிற்பங்கள் சுவரில். அங்கே இருந்த காவலர், எல்லாரிடமும் சொல்வதுபோல் எங்களிடமும் சொன்னார்: “நடுவுல நின்னு மூச்ச இழுத்து மெதுவா ‘ம்’முன்னு சொல்லிப் பாருங்க சார்.” தம்பி கூச்சத்தோடு ஆரம்பித்தார். இரண்டாவது மூச்சில் அறை பிடித்துக்கொண்டது. ஒலி சுவரிலிருந்து வருகிறதா நெஞ்சிலிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியாதபடி அதிர்கிறது. ஒலி நீள நீள வெளிமூச்சும் நீள்கிறது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும் என்பது உடலியல். அறிவியல் ஆசிரியருக்கு நான் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்ததும் தன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டார்.

இவ்வளவு எழுதிவிட்டு, இதே அன்னவாசல் ஒன்றியத்தில் இருக்கும் வேங்கைவயலைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 2022 டிசம்பர் கடைசியில், அந்த ஊரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள். விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரின் முன்னிலையில்தான், கோயிலுக்குள் அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதும் தேநீர்க் கடையில் தனிக் குவளை இருந்தது என்பதும் வெளிச்சத்துக்கு வந்தன. அந்த மக்களுக்கு வந்த கோபத்தை எதிர்மறை உணர்வு என்று எந்த நூல் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். அவர்களிடம் போய் கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்று சொல்ல நமக்கு வாயில்லை. அநியாயத்தைத் தாங்கிக்கொள்ளப் பழக்குகிற தியானம் அநியாயம் செய்தவனுக்குச் செய்யும் உதவி.

அலுவலகங்களில் இப்போது இதுதான் நடக்கிறது. ஆள் குறைத்து வேலையைக் கூட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தியான வகுப்பு வைக்கிறார்கள். வேலை நேரத்தைக் குறைத்திருந்தால் அந்த வகுப்பு தேவைப்பட்டிருக்காது.

புதுக்கோட்டை நகருக்குத் திரும்பும் வழியில் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். 1886இல் இந்த ஊரில் பிறந்தவர். மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று ஊர் முணுமுணுத்த காலத்தில் அங்கே படித்தவர். தாயார் தேவதாசி மரபில் வந்தவர் என்பதால் அவர் பட்ட அவமானங்கள் கொஞ்சமில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். தங்கையின் துக்கத்தை அவர் அசைபோட்டுக்கொண்டிருக்கவில்லை, மறக்கவும் இல்லை. 1954இல் அவர் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. தேவதாசி முறை ஒழிய சட்டமன்றத்தில் அவர் வாதாடியதும் அப்படித்தான். கோபத்துக்கும் துக்கத்துக்கும் வேலை கொடுத்தவர் அவர். அவர் தியானம் செய்தாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. ஆர்த்தத்திலும் ரௌத்திரத்திலும் அவர் தங்கிவிடவில்லை என்பதை அவர் செய்துமுடித்த காரியங்கள் சொல்கின்றன.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மனவளக்கலை பயின்ற ஒரு பெரியவரைப் பார்த்தோம். தம்பிக்குத் தூரத்துச் சொந்தம், மாமா முறை. மனவளக்கலையை வகுத்த வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பாடத்திட்டத்தில் உட்கார்ந்து செய்யும் தவத்தோடு அகத்தாய்வு என்று ஒரு பகுதி இருக்கிறது. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று அது போகும். எனக்கு அதில் பிடித்தது, தாளும் பேனாவும் எடுக்கச் சொல்வது. யார் மேலெல்லாம் சினம் வருகிறது என்று பட்டியல் எழுத வேண்டும். எந்தச் சூழலில், எதற்காக என்று எழுத வேண்டும். அடுத்தமுறை அவரைப் பார்க்கும்போது எப்படி நடந்துகொள்வது என்று முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். அப்புறம் அவரை மனதார வாழ்த்த வேண்டும்.

“வாழ்த்தறது வாயில வருமா மாமா?” என்றார் தம்பி.

“மொதல்ல வராது மாப்ள. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் சொல்லணும். சொல்லச் சொல்ல, அவனுக்காக இல்லேன்னாலும் நம்ம பல்லு தேயாம இருக்கட்டுமேன்னு தோணும். நீ மொதல்ல எழுது.”

பெரியவர் ஒரு பழைய நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கொடுத்தார். தம்பி அண்ணன் பெயரை எழுதினார். காரணம் என்ற இடத்தில் ‘நிவாரணப் பணம்’ என்று எழுதி அடித்தார். ‘பட்டா’ என்று எழுதி அதையும் அடித்தார். பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் எழுதினார்: ‘தண்ணி பாய்ச்சலேன்னு சொன்னது உண்மை.’ வெளியூரில் படித்துக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் இருந்த அத்தனை வருஷமும் தோப்பைப் பார்த்தவர் அண்ணன்தான். வருஷக்கணக்கில் அந்த முகத்தையே தியானித்தவருக்கு இந்த ஒரு வரி அதுவரை வரவில்லை. திரும்பத் திரும்ப ஓடுகிற எண்ணத்துக்கு ஒரு குணம், புதிதாக எதையும் அது காட்டாது. எழுதும்போது கை நிற்கிறது, அதனால் கண் பார்க்கிறது.

பணத்தில் பங்கு கேட்டது தவறு என்று இதனால் ஆகிவிடாது. அது நியாயமான உரிமை. உரிமை ஒரு காகிதத்துக்குப் போனது, வலி இன்னொரு காகிதத்துக்குப் போனது. இரண்டும் ஒரே உருண்டையாக நெஞ்சில் கிடந்ததுதான் இத்தனை நாள் தொல்லை.

மாலையில் தம்பியின் பைக்கில் கீரமங்கலம் நோக்கிக் கிளம்பினோம். ஆலங்குடிச் சாலையில் கொஞ்ச தூரத்தில் திருவரங்குளம். இங்கிருந்த காட்டில்தான், பதினெட்டாம் நூற்றாண்டில், விஜயரகுநாதத் தொண்டைமான் மன்னர் சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்ததாகப் புதுக்கோட்டை மரபு சொல்கிறது. வாதத்தில் வல்லவராக இருந்து, பேச்சையே விட்டவர் சதாசிவர். மன்னர் உபதேசம் கேட்டபோதும் அவர் வாய் திறக்கவில்லை. மணலில் தட்சிணாமூர்த்தி மந்திரத்தை எழுதிக் காட்டினார், அந்த மணலையே மன்னர் அள்ளிக்கொண்டு போய் அரண்மனையில் வைத்து வழிபட்டார் என்பது செவிவழி வரலாறு. நெரூரில் அவருக்கு அதிஷ்டானம் இருக்கிறது. பேசத் தெரிந்தவர் பேசாமல் இருப்பதற்குத் தனி பலம் வேண்டும். குடும்பச் சண்டையில் ஒரு வார்த்தையை விழுங்கிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

கோயில் குளத்தருகே வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்தோம். தம்பி கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். செயலி எதையும் திறக்கவில்லை. கண்ணையும் முழுக்க மூடவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் நான் எதுவும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

“அண்ணன் வந்தாருண்ணே. நாலஞ்சு தடவ வந்தாரு.”

“பழையபடியா?”

“இல்லண்ணே. முன்னெல்லாம் ஒரு தடவதான் வருவாரு, வந்தா போகவே மாட்டாரு. இப்ப வந்து வந்து போறாரு.”

திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் பட்டா உட்பிரிவுக்கு மனுக் கொடுக்கப் போவதாகவும், சர்வேயர் அளக்க வரும் அன்றைக்கு அண்ணன் வந்தால் தண்ணீர் பாய்ச்சிய விஷயத்தைத் தானே முதலில் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார். பிறகு வண்டியைக் கிளப்பினார். ஆலங்குடி தாண்டும்வரை மனுவோடு எந்தெந்த ஆவணங்களைச் சேர்க்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனோம்.